சமாதானம் சொல்லும் நேரம்

கற்பிட்டிக் கடற்கரையில் வெள்ளைக்காரருக்காக விடிய விடியப் பார்ட்டி நடக்கும். அங்கே பாட்டுப் போடுகிறவனைத்தான் நான் காதலித்தேன். சிநேகிதி வீட்டில் தங்குவதாகப் பொய் சொல்லிவிட்டு அன்றைக்குப் போயிருந்தேன். ஞாயிறு பூசையில் என்னைக் காணாவிட்டால் அப்பா தேடத் தொடங்கிவிடுவார். அந்தப் பயத்தில் காலையில் நேரே மாதா கோயிலுக்கு ஓடினேன். "நானும் வாறன்" என்று அவனும் பின்னால் வந்தான். வாசலில் வைத்துத்தான் சொன்னான், இப்போதுதான் இன்னொரு போதைக் குளிசை போட்டானாம். பாவி!

ஆண்கள் பக்கம் போய் அப்பாவுக்கு நேர் பின்னாலுள்ள வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். பிரசங்கத்தைக் கேட்டுத் பல்லை அரைத்துக்கொண்டு அழுதான். செத்துவிடுவானோ என்று பயந்தேன். சாகாமல் பிடிபடுவானோ என்று அதைவிடப் பயந்தேன். கடைசி வாங்கில் பொலிஸ்காரர் ஒருவர் வேறு.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் பாதர். நாங்கள் கைகூப்பித் தலைகுனிவோம், அவ்வளவுதான். இவனோ வாங்கு வாங்காகப் போய் எல்லாரையும் கட்டிப்பிடித்தான், பொலிஸ்காரரையும் சேர்த்து. அப்பாவை விடவேயில்லை.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "ஆர் பிள்ள அந்தப் பெடியன்? என்ன பக்தி! உனக்கு விசாரிச்சுப் பாக்கவேணும்."

அடுத்த ஞாயிறு அவன் குளிசை போடாமல் வந்தான். சமாதானம் சொல்லும் நேரம் அப்பா அவனைக் கட்டிப்பிடிக்கக் கைகளை விரித்தார். அவன் தள்ளி நின்று கைகூப்பினான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கும் அதேபோல் கூப்பினான். குளிசை போடாத அவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இதற்கு முன்னால், போன ஞாயிறு பட்டதெல்லாம் பயமே இல்லை.