கழற்றி வைத்த பெல்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் தம்பிக்குக் கல்யாணம். அதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, மாட்டுக் கட்டுத்தரையைக் கழுவுகையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்துவிட்டேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "மணிக்கட்டுல சின்ன விரிசல்தாம்மா. மாவுக்கட்டு வேண்டாம், இந்த பெல்ட் போதும். குளிக்கறப்ப மட்டும் கழட்டுங்க" என்று சொல்லி மாட்டிவிட்டார். மாவுக்கட்டு இல்லை என்றதுமே எனக்கு இளக்காரம் வந்துவிட்டது. கையோடு ஒட்டாத கட்டெல்லாம் ஒரு கட்டா என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பட்டுடுத்தி, அவனுக்கு இணையாக நின்று செய்யும் சீர். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அன்று காலை மண்டபத்தில் பெல்ட்டை நான் கழற்றுவதைப் பார்த்து அவன் பதறினான்.

"அக்கா, சொன்னாக் கேளுங்க. அதோடயே நில்லுங்க, ஆரு என்ன சொல்லப் போறாங்க?"

"நீ பேசாம இரு சாமி. நல்ல காரியத்துல கட்டுப் போட்ட கையோட நின்னா அபசகுனம்பாங்க. ஊரு வாய மூட ஒலமூடி இருக்குதா?"

பெரிய மனுஷியாட்டம் அவன் வாயை அடைத்துவிட்டு, கழற்றியதைப் பைக்குள் திணித்தேன்.

சீர் நடக்கும்போது தண்ணீர் நிறைந்த செம்பு என் கையில் இருந்தது. கூட்டத்தில் யாரோ இடிக்க, செம்பு சாய்ந்தது. கீழே விழுந்தால் கல்யாணத்துக்கே ஆகாது என்று அப்படியே இறுக்கிப் பிடித்தேன். மணிக்கட்டுக்குள் சுளீர் என்றது. ஐயோ, அந்த வலி! உயிரே போய் வந்தது. செம்பைக் காப்பாற்றிவிட்டேன், சிரித்துக்கொண்டு போட்டோவுக்கும் நின்றேன். வீக்கம் வடியாமல் கடைசியில் டாக்டரிடம் போனபோது, விரிசல் விட்ட எலும்பு நகர்ந்திருந்தது. திட்டிக்கொண்டே முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்.

என்னைப் பார்க்க உறவுக்காரப் பெண்கள் வந்தார்கள். தம்பி மனைவிதான் எல்லோருக்கும் காபி கொடுத்தாள். சேலத்தில் வளர்ந்த பெண், நாத்தனாரான என்னை எங்கள் ஊர் வழக்கில் நங்கையா என்பாள். எனக்கு முடியாததால் மாட்டுக்கே பயப்படுகிறவள் பால் கறக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் அடுப்படிக்குள் போனதும் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"புள்ள ஊட்டுக்குள்ள கால் வெச்ச நேரம், நாத்தனா கையி ஒடஞ்சு போச்சு பாத்தீங்களா!"

"ஆமாங்க, பொருத்தம் பாக்கறப்பவே எனக்குச் சந்தேகந்தான்" என்றாள் இன்னொருத்தி.

நானேதான் பெல்ட்டைக் கழற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தம்பி சொல்லியும் கேக்கலியா" என்று என்னைப் பிடித்துக்கொள்வார்களே என்று சும்மா இருந்துவிட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று போனது எனக்குக் கேட்டது. அவள் காதில் விழுந்துவிட்டது என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

மனசு உறுத்திப் பிறகு ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னேன். யார் நம்பினார்கள்? "பாவம், தம்பி பொண்டாட்டிய உட்டுக்குடுக்காமப் பேசறாங்க" என்று என் தலையில் பெருந்தன்மை என்று ஒரு கிரீடத்தை வைத்தார்கள். அது அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

போன வருடம் நாங்கள் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினோம். எல்லோரும் உள்ளே போக, தம்பி மனைவி மட்டும் வாசலிலேயே நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க பால் பொங்க வெச்சு முடிங்க நங்கையா, அப்புறமா வாரேன். ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா என்னையத்தான் சொல்லுவாங்க."

கோபமே இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். அன்று பாலை அவள் கையால் ஊற்றினால்தான் ஆச்சு என்று பிடிவாதமாக நின்று ஊற்ற வைத்தேன். பால் பொங்கியதும், யாருக்கும் எதுவும் ஆகவில்லையே என்று அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

என் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது, அதற்காக நான் ஒருநாளும் அழுததில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டு, வாழ வந்த பெண்ணைத் தன் காலுக்கே பயப்பட வைத்துவிட்டேனே என்று நினைக்கும்போதுதான் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.