மயிலாப்பூர் புது மண்டபத்தின் முதல் ரசிகர்கள்

காலை ஆறரைக்கு எழும்பூரில் இறங்கினேன். போர் முடிந்த மறு வருஷத்து மார்கழி. ஏறக்குறைய இருநூறு மைல் கரித்தூள் தின்றுகொண்டு, ஒரு கட்டடத்தைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவி நம்பவில்லை.

பத்து மணிக்கு, லஸ் முனையில் டிராமை விட்டிறங்கி மண்டபத்துக்கு நடந்தேன். இத்தனை வருஷமும் இந்தச் சங்கீத சபைக்குக் கீற்றுக் கொட்டகைதான். தூறல் விழுந்தால் முதலில் ஓடுபவர் மிருதங்கக்காரர். இப்போது தேக்கு உத்தரங்களின்மேல் செங்கலை நெருக்கி அடுக்கிய மெட்ராஸ் தளக் கூரை, பக்கத்துக்கு எட்டு உருண்டைத் தூண்கள், கடற்காற்றுக்கு உயரமான ஜன்னல்கள். சிமெண்டுக்குப் பர்மிட் கிடைக்காததால் எல்லாம் சுண்ணாம்பு. பின்சுவரின் பூச்சில் என் முகமே தெரிந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு. அதைச் சபைக் காரியதரிசியிடம் சொல்லவேண்டாம் என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி திருவல்லிக்கேணி கரீம் பாய். நாலு மாதம் தேய்த்த சுவரைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலை திறப்பு விழாவில் பாடவிருந்த வித்வான், முந்தின நாள் வந்து பாடிப் பார்த்தாராம். நிசப்தம் வேண்டுமென்று காரியதரிசி வேலையாட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்தியிருக்கிறார். காலி மண்டபத்தில் ஒரு ஸ்வரம் மூன்றாக எதிரொலித்துத் திரும்பியதாம். மாலைக் கச்சேரிக்கு முன் பூச்சைக் கொத்திவிட்டுக் எதிரொலி அடங்கக் கோணி கட்டும்படி காரியதரிசியின் உத்தரவு.

மணி இரண்டு. உளியோடு ஆட்கள் வந்தபோது பாய் குறுக்கே நின்றார். "ஜனம் ஒக்காந்தா சத்தம் அடங்கிடும் ஐயா. ஒரு தபா பாத்துட்டு அப்பால இடிங்க."

"ஜனத்துக்கு இப்போ எங்கே போறது, பாய்?" என்றார் காரியதரிசி.

பாய் வாசலைக் காட்டினார். சித்தாள்கள், பெரியாட்கள், கூவம் கரையிலிருந்து அவர்களுக்குச் சோறு கொண்டுவந்த குடும்பங்கள் என்று இருநூறு பேருக்குமேல். சுண்ணாம்புக் காலோடு உள்ளே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். முன்கூட்டியே வந்திருந்த வித்வான் ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்தார். குரல் பின்சுவர்வரை போயிற்று, திரும்பவில்லை. காரியதரிசி உளி ஆட்களைப் போகச் சொன்னார். பாய் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

வித்வான் எழுந்தார். முன்வரிசைச் சித்தாள் ஒருத்தி கேட்டாள்: "அவ்ளோதானா சாமி? சாயங்காலம் எங்கள உள்ள உடமாட்டாங்களே."

வித்வான் மறுபடி உட்கார்ந்து, தம்பூராவை மீட்டச் சொல்லி, அந்தப் பாட்டைச் சரணம்வரை பாடி முடித்தார்.

மாலையில் நாற்காலிகள் நிறைந்தன, கச்சேரியும் நன்றாகவே நடந்தது. ஊர் திரும்பியதும், திறப்பு விழாக் கச்சேரி எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். பகல் இரண்டு மணிக்குக் கேட்டதைத்தான் சொன்னேன்.