கிரேஸ் அக்காவுக்கு ஒரு ஜெபக்குறிப்பு

மின்விசிறி சுற்றியும் காற்று வராத அறையில் இருபது பேரின் வியர்வையும் தேங்காயெண்ணெயும் ஏலக்காய் டீயும் கலந்து எழும் வாடை எங்கேனும் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். ஆவடியில், தொழிற்சாலை ஊழியர்களின் ‘குவார்ட்டர்ஸில்’, எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடிய பெண்கள் ஜெபக்கூட்டத்தின் வாடை அது. பன்னிரண்டு வயதில் அதைப் பரலோகத்தின் வாசனை என்றே நம்பியிருந்தேன்.

கூட்டத்தை நடத்தியவர் ரோசலின் ஆன்ட்டி. பாட்டு முடிந்ததும் "ஜெபக்குறிப்பு சொல்லுங்க" என்பார்; யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருத்தியின் மகன் குடிப்பதும் இன்னொருத்தியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனதும் இப்படித்தான் அந்த அறைக்குள் வந்துசேரும். கண்ணை மூடி அதற்காக உருகியவர்கள், கண்ணைத் திறந்ததும் டீயோடு சேர்த்து அதையே மறுபடி மெல்லுவார்கள். நானும் கண்ணீர் வடிய நீளமாக ஜெபிப்பேன். "எஸ்தரு வாயத் தொறந்தா அபிஷேகம்தான்" என்று ஆன்ட்டி சொல்லும்போது உள்ளங்கால் வரை குளிரும்.

எதிர் பிளாக்கில் இருந்த கிரேஸ் அக்காவிடம் கணக்குப் பாடம் படிக்கப் போவேன். மூன்றாவது முறையும் அவருக்குக் கரு கலைந்திருந்த சமயம். ஒரு நாள் என் நோட்டைத் திருத்திக்கொண்டே, "முட்டி போடறேன் எஸ்தரு, ஜெபமே வரல. ஆண்டவருகிட்ட பேசவே புடிக்கல. யாராண்டயும் சொல்லாத" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை, அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நான் சொன்னேன்: "கிரேஸ் அக்காவுக்கு ஜெபமே வரலியாம். அதுக்காக ஜெபிக்கணும்."

"இந்தப் பொண்ணுக்கு இன்னா ‘பாரம்’ பாரு!" என்று யாரோ என் முதுகில் தட்டினார்கள்; பிறருக்காக உருகி ஜெபிப்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆன்ட்டி எழுந்து வந்து அக்காவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். "உள்ள எதனா பாவம் கீதும்மா, அதான் வயித்துல தங்க மாட்டேங்குது. அறிக்கை பண்ணு!" என்று கத்தினார். மற்றவர்கள் ‘ஸ்தோத்திரம்’ சொல்லச் சொல்ல, ஆன்ட்டியின் எச்சில் அக்காவின் நெற்றியில் தெறித்தது. யாரும் தடுக்கவில்லை, என் அம்மாவும்தான். அக்கா அந்தக் கைகளை விலக்கிவிட்டு எழுந்தார், நெற்றியை முந்தானையால் துடைத்தார், என்னை ஒருமுறை பார்த்தார், போய்விட்டார். பிறகு எல்லோரும் டீ குடித்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்த வேகத்தில் பின்பக்கம் ஓடி வாந்தியெடுத்தேன். அவர்களை நினைத்து அருவருத்ததைவிட, முதுகில் தட்டியபோது எனக்கு இனித்ததே, அதை நினைத்துத்தான் அதிகம் அருவருத்தேன்.

அதன்பின் கூட்டத்தில் வாய் திறக்க முடியவில்லை. துணி துவைக்கும் கல்லருகே தனியாக முழங்காலிட்டாலும், பழகிப்போன ஜோடனை வார்த்தைகளே முந்திக்கொண்டு வந்தன. என் காதே கூசியது. "நான் சொல்லிட்டேன் ஆண்டவரே" என்ற ஒற்றை வரிக்கு வந்துசேர ஒரு வாரம் ஆயிற்று. என் முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே, "அவங்க பேசினதயாவது காரித் துப்பிட்டுப் போய்டலாம். உன்ன நம்பி சொன்னேன் பாரு, அதான் அசிங்கமா கீது" என்றார். போ என்று சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தேன். அம்மாவின் ஏச்சையும் மீறி, அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் கூட்டத்துக்குப் போகாமல் அங்கேயே போய் உட்கார்ந்தேன். ஏழெட்டு வாரம் கழித்து ஒரு மாலை, அக்கா அரிசி களைவதைப் பாதியில் விட்டுவிட்டு என் எதிரே வந்து அமர்ந்து கண்களை மூடினார். நானும் மூடிக்கொண்டேன். வெகுநேரத்துக்குப் பின் "ஆமென்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். அம்மாவும் ஆன்ட்டியும் இல்லை. அடுத்தவர் கஷ்டத்தை நாலு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அப்போது இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது. இப்போது ஜெபக்குறிப்புகள் வாட்ஸப் குழுவில், பெயர், ஊர், நோய் எல்லாவற்றோடும், கூப்பிய கைகளின் படத்தோடு வருகின்றன. சகிக்கவில்லை.

பூந்தமல்லியில் இருக்கும் அக்காவை அழைத்து, இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. எம் பேர மட்டும் மாத்திடு" என்றார். "உன் பேர மாத்தாத."

அவர் பெயரை மாற்றிவிட்டேன். என் பெயரை மாற்றவில்லை.