வெடிக்கு அஞ்சாத நாய்

எங்கள் அலுவலகத்தில் போன மாதம் ஒரு நாயை வேலைக்கு எடுத்தார்கள். ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பது அதன் பணி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதிலிருந்த புகைப்படம் என் அட்டையில் இருப்பதைவிட நன்றாக விழுந்திருந்தது. தடவிக்கொடுக்க விரும்புகிறவர்கள் வரிசையில் வர வேண்டும். ரேஷனுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் நின்று பழகியவன் என்பதால் இதற்கும் நின்றேன். என் முறை வந்தபோது அது எழுந்து போய்விட்டது. பணிநேரம் முடிந்துவிட்டதாம்.

"இந்தத் தெரபி நாயெல்லாம் இப்பத்தான் சார் நம்ம ஊருக்கு வருது" என்று மனிதவளத் துறைப் பெண் பெருமையோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அத்தை, அட்டையும் வரிசையும் இல்லாமல், இதைச் செய்து பார்த்துவிட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாடு வைத்துப் பால்கோவாக் கடைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள். மடி வற்றிய மாட்டை விற்க மனசு வராமல் வைத்துக்கொண்டாள். அது தெரிந்ததும் ஊர்க்காரர்கள் நொண்டி ஆட்டையும் ஒற்றைக்கண் பூனையையும் விடியுமுன் வந்து அவள் தொழுவத்து வாசலில் கட்டிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பால் கறக்கிற ஜீவன்களைவிடப் பால் குடிக்கிற ஜீவன்கள் அதிகமான வருஷத்தில் வியாபாரம் படுத்துக்கொண்டது. இன்றைக்கென்றால் 'விலங்குகள் காப்பகம்' என்று பலகை மாட்டி நன்கொடை வாங்கலாம். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் கிறுக்கி தொழுவம்.

எனக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. இராஜபாளையத்தில் பிறந்துவிட்டு வீட்டில் இராஜபாளையம் நாய் இல்லாமல் இருப்பது எப்பேர்ப்பட்ட மானக்கேடு என்பது வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நாய் வளர்த்து விற்றார்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, சவுக்கு மாதிரி வால். அந்த வீட்டுப் பையன் என் வகுப்பு. காலையில் நாயைப் பிடித்துக்கொண்டு அவன் போகும்போது எங்கள் வீட்டு வாசலில் வேண்டுமென்றே சற்று நிற்பான். நான் என் பங்குக்குச் சைக்கிள் டயரை ஓட்டிக்கொண்டு எதிரே போவேன். டயருக்கு வால் கிடையாது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் நாயைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அது பெரியப்பா. பட்டாளத்தில் இருந்தவர், முழு சர்வீஸ் முடிக்காமலே திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று நாங்கள் கேட்டால், "கால் வலி" என்பார்கள். காலில் எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. யாருடனும் பேசமாட்டார். குக்கர் விசில் அடித்தால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்பாவுக்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் காயத்துணி அனுப்புகிற ஊர் எங்களுடையது. பெரியப்பாவுக்கு எந்த இடத்தில் கட்டுப்போடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

முந்தைய தீபாவளியில் முதல் சரம் வெடித்தபோதே அவரைக் காணவில்லை. மத்தியானத்துக்குத்தான் கண்டுபிடித்தார்கள். கொல்லையில் சிமெண்டுத் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் நுழையவே முடியாத சந்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பெரியப்பா குழாய் ரிப்பேர் பாக்காக, நீ போ" என்றார் அப்பா. நான் பொறுப்புள்ள பிள்ளை. ஓடிப்போய் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தேன். பெரியம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை. ஸ்பானருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று யோசித்தது நினைவிருக்கிறது.

இந்தத் தீபாவளியும் அப்படி ஆனால் அவரை மதுரைக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். "எம்புட்டு நாளைக்கு?" என்று பெரியம்மா கேட்டாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். எனக்கோ மதுரை என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியப்பாமேல் பொறாமை பொங்கியது. அழகர்கோயில், ஐஸ்கிரீம், ரயில். ஒரு தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்ததற்கு இவ்வளவு பெரிய பரிசா?

இந்த நேரத்தில்தான் அத்தை எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, "மருமகன் நாய் கேட்டானாம்ல, வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

அன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அப்பாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினோம். கோபுரம் கண்ணில் பட்டதுமே இறங்க வேண்டும் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கோபுரம் ஊருக்கு வெகு முன்னாலேயே தெரிகிற கோபுரம். மிச்ச தூரம் முழுவதும் நின்றுகொண்டே வந்தேன்.

தொழுவத்தில் நாய்கள் நிறைய இருந்தன. செவலை நாய் ஒன்றின்மேல் எனக்குக் கண். அத்தை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளேயிருந்து ஒரு வெள்ளை நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு நாயை வெளுத்து இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது. அசல் ரோஸ் மூக்கு.

"இதத்தான் ஒனக்குன்னு வச்சிருக்கேன் மருமகனே. ஒரே ஒரு கண்டிசன். தீவாளி வரைக்கும் பெரியப்பா கட்டிலுக்குக் கீழதான் படுக்கப் போடணும்."

"வீட்டுக் காவலுக்கு வாசல்ல கெடந்தாத்தானட்டி நல்லது?" என்றார் அப்பா.

"புது எடம், பழகணும்லண்ணே. சின்னண்ணன் சொல்லுக் கேளாட்டாலும் பெரியண்ணன் சொல்லு கேக்கும்" என்று சொல்லிவிட்டு, அத்தை எதற்கோ சிரித்தாள்.

திரும்பும்போது கண்டக்டர் நாய்க்கு லக்கேஜ் போட்டார். "சொந்த ஊருக்குப் போற நாய்ங்க, பாத்துச் செய்ங்க" என்றார் அப்பா. "நானும் சாயந்தரம் சொந்த ஊருக்குத்தான் போறேன். என்னய யாரு பாத்துச் செய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.

நாய்க்கு ராஜா என்று பெயர் வைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் பழசாக இருக்கிறதோ என்று டைகர் என்றேன். அதுவும் பிடிக்கவில்லை. ஜிம்மி, சீசர் என்று வரலாறு முழுக்கத் தேடிவிட்டேன். வகுப்புப் பையன்கள் கூட்டமாக வந்து பார்த்தபோது, "ராஜ பரம்பரைலே இது. ஏலே வாலேன்னு கூப்பிட்டா வராது" என்று விளக்கினேன். நம்பினார்கள். நானே நம்பினேன்.

ஆனால் பெரியப்பா கட்டிலில் இருந்தபடி இரண்டு விரலைத் தூக்கினால் போதும், எழுந்து வரும். உள்ளங்கையைத் தாழ்த்தினால் உட்காரும். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமலே சிநேகமாகிவிட்டார்கள். பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்த வித்தையாக இருக்கும் என்று நினைத்தேன். நாய்க்குச் சோறு போடுவது நான், சலாம் வாங்குவது அவர் என்பதில் எனக்கு வருத்தம்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள். சிவகாசிக்குப் பக்கத்து ஊர் என்பதால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரராவது பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பார். மற்ற ஊரில் துணிமணிக்குச் செலவழிப்பதை நாங்கள் சத்தத்தில் செலவழிப்போம். மொட்டை மாடியில் வெடிகளைக் காயப்போட்டு அன்று முழுக்கக் காவலிருந்தேன். சாயங்காலம் நாயை வெளியே கூட்டி வந்தபோது எதிர்வீட்டுப் பையன் ஓர் அணுகுண்டைப் பற்றவைத்து அதற்குப் பின்னால் போட்டான்.

தெரு அதிர்ந்தது. அவன் வீட்டு நாய் கழுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு மாட்டு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்தது. தெருநாய்கள் செட்டியார்பட்டித் திசையில் ஓடின. எங்கள் நாய் மட்டும் ஓர் எறும்பு வரிசையை முகர்ந்துகொண்டிருந்தது.

தெரு முழுக்க அதைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கைதட்டல். இன்னொன்று போட்டார்கள். இன்னும் எறும்பு. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வெடித்தது ஒருவன், அசையாமல் நின்றது நாய், தூக்கியது என்னை. பின்னாளில் அரசியல் புரிவதற்கு அது மிகவும் உதவியாக இருந்தது. தோளில் இருந்தபடியே நான் ஒரு சிறிய சொற்பொழிவும் ஆற்றினேன்.

கூட்டத்தைக் கண்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். நாயின் முதுகுக்குப் பின்னால் குனிந்து கை தட்டினார். சாப்பாட்டுத் தட்டை வாங்கிக் கரண்டியால் அடித்தார். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"தம்பி, இதுக்குக் காது கேக்காதுப்பா. வெள்ளைல சில குட்டி இப்பிடிப் பொறக்கும். நாங்க வச்சிக்கிடறதில்ல."

"ஏமிரா, செவிட்டு ராஜாவா?" என்றான் அவர் மகன்.

என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள். கொஞ்சம் வேகமாகவே.

வீட்டுக்குள் அழுதுகொண்டு போனேன். நாயை மாற்றித் தந்தால்தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வேன் என்று அறிவித்தேன். அப்பாவுக்கு என்னைவிடக் கோபம். "கள்ளன் வந்தா எழுப்பித்தான் சொல்லணும் போல. காவலுக்குக் கேட்டா கிறுக்கி செவிட்டு நாயத் தள்ளிவிட்டிருக்கா" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கயிற்றைக் கையில் பிடித்தார்.

"ஏலே, கயித்த விடு."

பெரியப்பா குரல். அது எப்படி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. நடைக்கதவில் கையூன்றி நின்றிருந்தார்.

"காது கேக்காதாம்ண்ணே" என்றார் அப்பா.

"தெரியும். தீவாளி கழிஞ்ச பொறவு பாத்துக்கிடலாம்."

அப்பா கயிற்றை விட்டுவிட்டார். நான் எண்ணெய்ப் போராட்டத்தைத் தொடர்ந்தேன். பெரியம்மா ஓர் அதிரசத்தைக் காட்டியதும் அது முடிவுக்கு வந்தது.

மறுநாள் விடியும்போதே தெரு வெடிக்க ஆரம்பித்தது. குளித்துவிட்டுப் புதுச்சட்டையில் மஞ்சள் தடவிக்கொண்டு ஓடினேன். வாசலை ஒட்டிய நடையைத் தாண்டும்போது பார்த்தேன். பெரியப்பா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நாய் அவர் தொடையோடு ஒட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கை அதன் விலாவில் இருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு சரம் வெடித்தபோது அவர் கால்கள் மடங்கி உடம்பு எழப் பார்த்தது. நாய் எழவில்லை. தூக்கத்தில் ஒரு பெருமூச்சு விட்டது. அவர் அதையே பார்த்தார். மறுபடி வெடி. மறுபடி அவர் உடம்பு தூக்கிப் போட்டது. நாயின் வயிறு மேலே போய்க் கீழே வந்தது, கையும் மேலே போய்க் கீழே வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் மூளையில் மின்னல் அடித்தது. செவிடானால் என்ன? உலகத்தில் எந்த நாய் தீபாவளியன்று தூங்கும்? வெளியே ஓடி எல்லோரையும் கூட்டினேன். எங்கள் ஜன்னலில் தலைக்குமேல் தலையாக ஏறி நின்றார்கள். எதிர்வீட்டுப் பையனும் வந்தான். "அங்க பாரு, குறட்டை விடுது" என்றேன். தெருவே பார்த்தது. தொலைந்த மானம் திரும்பி வந்துவிட்டது.

பெரியம்மா இட்லித் தட்டோடு வந்தாள். பெரியப்பா இடது கையை நாயின்மேல் வைத்தபடி வலது கையால் சாப்பிட்டார். பெரியம்மா இன்னொன்று வைத்தாள். அதையும் சாப்பிட்டார். தலையில் எண்ணெய் வழிய அப்பா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் குளிக்க வெந்நீர் காத்திருக்கிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவர் நகரவில்லை. நாங்களெல்லாம் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் நாயைத்தான் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அத்தை வந்தாள். வெடிச் சத்தத்தில் மிரண்ட மாடுகளையும் நாய்களையும் அமர்த்திவிட்டு, கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். கையில் பால்கோவாப் பொட்டலம். தெருமுனையிலேயே என்னை நிறுத்தினாள்.

"நாய் எப்படிடே இருக்கு?"

ஏமாற்றப்பட்டவன் என்ற முறையில் முறைத்துக்கொண்டு நின்றேன். "அதுக்குக் காதே கேக்காது அத்தை."

"அத விடு. காலைல வெடி போடும்போது பெரியப்பா எங்க இருந்தாக?"

"வீட்லதான்."

"வீட்லயா?"

"ஆமா. நாயப் பிடிச்சிக்கிட்டு இட்லி தின்னாக."

அத்தை பொட்டலத்தோடு அப்படியே பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். "வீட்டுக்குள்ளயா மருமகனே?" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. மிச்சமிருந்த சரம் கையில் இருந்தது, பையன்கள் காத்திருந்தார்கள். அந்த நாய்களோடு கிடந்து கிடந்து அத்தைக்கும் காது மந்தமாகிவிட்டது என்று தீர்மானித்தேன். அவள் காதருகே வாயை வைத்து, "வீட்டுக்குள்ளதான் அத்தை, நடைல" என்று கத்தினேன்.

அத்தை என் புதுச்சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.