ஊர்ப்பெட்டியும் முறைத் தலைவரும்

ஏரிக்கரையில ஏலக் கொட்டகை, படகு ஏத்த சிமெண்ட் சரிவு, குடிதண்ணித் தொட்டி, சாவு எடுத்துப் போக அடுத்த ஊர்க்காரன் வாசலை மிதிக்காத தனிப் பாதை. இதுல எதுவுமே இல்லாத மணல்மேட்டுல இதையெல்லாம் வரவச்சவன் நான். மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆபீசுக்கு ஆபீஸ் நின்னு செருப்பு தேய்ஞ்சது என்னுது. ஆனா நான் பெருமையாச் சொல்றது இந்தக் கட்டடங்களை இல்லை. காசு குடுத்தா கொத்தனார் கட்டிட்டுப் போறான். ஊர்னா ஒரு தலைமை வேணும், ஒரு பெட்டி வேணும், தலைமை பெட்டியைத் தின்னாம இருக்கணும். அந்த ஏற்பாட்டைக் கட்டினவன் நான்தான்.

இப்போ ஊர்க் கூடத்துக்குக் கல்வெட்டு வைக்கப் போறாங்க. மீஞ்சூர்ல கல்லுக்குச் சொல்லியாச்சு. ஊர் பிரிஞ்ச நாள்லேர்ந்து தலைவரா இருந்தவங்க பேரெல்லாம் அதுல வருது. என் பேர் வரலை. நான் தலைவரா இருந்ததே இல்லையாம். உண்மைதான், இருந்ததில்லை. ஏன் இல்லைன்னு கேக்க ஆளில்லை. அதனால நானே எழுதுறேன். எழுதவும் அலுப்பா இருக்கு.

நாங்க தாய் ஊரை விட்டுப் பிரிஞ்சது சண்டையில இல்லை, நெருக்கடியில. எங்க ஏரியில மீன் பிடிக்கிறதுக்குப் பாடுன்னு ஒண்ணு உண்டு. பாடுன்னா முறை. நல்ல இடம் இன்னிக்கு உனக்கு, நாளைக்கு இன்னொருத்தனுக்குன்னு சீட்டுப் போட்டு வர்றது. எவன் பாடோ அன்னிக்கு விழற மீன் பூரா அவனுக்கு. கூடப் பிறந்தவன்கூட அதுல கை வைக்க மாட்டான். தாய் ஊர்ல குடும்பம் பெருகிப்போச்சு, ஒருத்தனுக்குப் பாடு வர்றதுக்குள்ள வலை காய்ஞ்சு விறைச்சுப் போகும். அதனால எங்க தெரு தனி ஊராப் பிரிஞ்சு வந்துச்சு.

வந்த பிறகுதான் பேஜார். தலைவர் யாரு? ஒரு நாட்டாமைகிட்டேயிருந்து தப்பிச்சு வந்தவங்க, இன்னொரு நாட்டாமையை ஒத்துக்கவே மாட்டேன்னாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு, பாடு. தலைமைக்கும் பாடு போட்டோம். வீட்டுக்கு ஒரு மாசம், சீட்டு எடுத்த வரிசைப்படி. ஏலத்துல விக்கிற ஒவ்வொரு கூடைக்கும் ஊருக்கு ஒரு பங்கு, அதை அந்த மாசத்துத் தலைவர் வசூல் பண்ணணும். எல்லாருக்கும் சமம்னு கை தட்டினோம்.

முதல் சீட்டு என் சம்சாரத்தோட அண்ணனுக்கு விழுந்துச்சு. அவரை மாதிரி யோக்கியன் ஏரியில கிடையாது. மாசம் முடிஞ்சு கூட்டம் போட்டா பெட்டியில ஒண்ணுமில்லை. அவர் வாசல்ல புது வலை தொங்குது. ஊருக்கே ஆட்டுக்கறி வேற போட்டிருந்தார், நானும் சாப்பிட்டேன்.

"மச்சான், ஊர்ப் பணம் எங்க?"னு கேட்டேன்.

"இன்னா மாப்ளே இப்படிக் கேக்கற? எம்பாடு. எம்பாட்டுல விழுந்தது என்னுது. உன் பாட்டுக்கு நான் வந்து கை நீட்டுவனா?"

அவர் பொய் சொல்லலை, திருடலை. ஏரியில எப்படியோ அப்படியே கரையிலயும்னு நம்பினார். அடுத்த மாசத்துக்காரன் சரிதான்னு தலையை ஆட்டினான், அதுக்கடுத்தவனும் ஆட்டினான். எதிர்த்துக் கேட்டா நாளைக்கு அவன் பாடு போயிடுமே.

இப்படியே மாசத்துக்கு ஒருத்தனா ஊரைச் சாப்பிட்டுக்கினு இருந்தோம். அப்போ ஏரி கடலைத் தொடுற முகத்துவாரம் மணல் ஏறி அடைஞ்சுபோச்சு. கடல் தண்ணி உள்ள வரலைன்னா இறா கிடையாது. மண்ணை எடுக்க எல்லா ஊரும் பங்கு போடணும்னு ஏரிக்கரை ஊர்க்காரங்க கூட்டம் கூட்டினாங்க. அந்தக் கூட்டத்துல எந்த ஊருக்குத் தனியா வெத்தலைத் தட்டு வைக்கிறாங்களோ அதுதான் ஊர். பாடு பிரிக்கிறப்பவும் அதுக்குத்தான் பேச்சு. நாங்க வெறுங்கையோட போய் நின்னோம்.

தாய் ஊர்த் தலைவர் சிரிச்சார். "தனி ஊருன்னு சொல்லிக்கினு போனீங்களே நைனா, பெட்டியை எடுத்துக்கினு போக மறந்துட்டீங்களா? சரி, எங்க தட்டுலயே ஒரு வெத்தலை எடுத்துக்கங்க."

படகுல திரும்பி வந்தோம். கரை ஏறின உடனே ஈர வேட்டியோட கூட்டம் போட்டு நான் சொன்னேன்: "தலைமைக்குப் பாடு இருக்கட்டும். பெட்டிக்குப் பாடு கிடையாது. தலைவர் சொல்லாம பெட்டிக்காரன் திறக்கக்கூடாது, பெட்டிக்காரன் இல்லாம தலைவர் தொடக்கூடாது. பெட்டி வச்சிருக்கிறவன் என்னிக்கும் தலைவரா வரக்கூடாது."

"நல்லாத்தான் இருக்குது. எவன் தன் பாட்டை விடுவான்?"னு மச்சானே கேட்டார்.

எனக்கு அடுத்த மாசம் தலைமை. "நான் விடறேன்"னு சொன்னேன்.

வீட்ல கேட்ட பேச்சு தனி. "இன்னா மனுஷன்யா நீ? ஊர்ல கீற எல்லா பொம்பளையும் ஒரு மாசம் தலைவர் பொண்டாட்டின்னு பூ வச்சிக்கினு நிப்பா. நான் உன் பெட்டிக்குப் பொட்டு வச்சிக்கினு உக்காரணுமா?" அவ சொன்னது கடைசி வரைக்கும் அப்படியே நடந்துச்சு. அந்தப் பூவை அவ வைக்காமலே போய்ச் சேர்ந்துட்டா.

அடுத்த தடவை முகத்துவாரத்துக்குப் பங்கு கட்டினோம். தனித் தட்டு வந்துச்சு. அந்த மாசத்துத் தலைவர் பாய்ல உக்காந்து வாங்கினார். நான் பெட்டியை மடியில வச்சுக்கினு பின்னால உக்காந்திருந்தேன். அன்னிலேர்ந்து எத்தனையோ தலைவருங்க வந்தாங்க, போனாங்க. என் கண்ணு மங்குற வரைக்கும் பெட்டி என்கிட்ட இருந்துச்சு, ஒரு நாள்கூட யாரும் சந்தேகமாப் பார்த்ததில்லை. முகத்துவாரம் இன்னமும் அடைச்சுக்கினுதான் இருக்கு. பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துல காண்ட்ராக்ட் வேலைக்குப் போறாங்க, பாடு எடுக்கவே ஆளைத் தேட வேண்டியிருக்கு. யாரையும் குத்தம் சொல்ற தெம்பு எனக்கு இல்லை.

போன வாரம் இப்போதைய தலைவர் வந்தான். அவனும் துறைமுகத்துலதான் வேலை. நல்ல பிள்ளை.

"பெரியப்பா, கல்லுல தலைவருங்க பேரு மட்டும்தான். உங்களைப் போட்டா தண்டல் பண்ணினவன், மைக் செட் வச்சவன்னு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"ஊர்ப் பணத்துல ஆட்டுக்கறி போட்டவர் பேரு மொத வரியில வருதே?"

"அவர்தானே பெரியப்பா முதல் தலைவர்."

அவன் சொன்னதுல தப்பு கண்டுபிடிக்க முடியலை. அதான் எனக்குத் தூக்கம் வரலை. என் முறையை நான் எடுத்துக்கிட்டிருந்தா நானும் ஒரு மாசம் ஆண்டிருப்பேன், என் பேரும் அந்தக் கல்லுல ஏறியிருக்கும். விட்டதனால என் பேர் இல்லை. விட்டதனாலதான் பேர் வெட்ட ஒரு ஊரே இருக்கு.

கல் இன்னும் உளி படாமத்தான் கிடக்கு. தலைவருங்க வரிசைக்கு நடுவுல எனக்கு இடம் வேணாம், அது அவங்களுது. தனியா ஒரு வரி வெட்டுங்க: இந்த ஆள் தன் முறையை விட்டுட்டுப் பெட்டியை வச்சுக்கிட்டான், அதனால இது ஊராச்சுன்னு. பேரைச் சின்னதாப் போட்டாலும் சரி. அதை வெட்டிட்டு என்னைத் திறப்புக்குக் கூப்பிடுங்க. வெட்டாமக் கூப்பிட்டா நான் வரமாட்டேன்.