தொடப்பம் தெரியுதா?

போன வருஷம் ஆடி மாதம். கல்யாணம் இல்லாததால் ஊரப்பாக்கத்தில் ஒரு மண்டபத்தைப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்கள். நான் கேரவன் ஓட்டுகிறவன். உள்ளே கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ள நீள வண்டி. பின்னால் இருப்பது கண்ணாடியில் தெரியாது. அதற்காக முதலாளி வயர் இல்லாத கேமரா மாட்டியிருந்தார். ரிவர்ஸ் போட்டால் முன்னால் இருக்கும் திரையில் படம் வரும்.

இரண்டு நாளாக வரவில்லை. வெறும் நீலம். திரையைக் கழற்றி மாட்டினேன். ஃபியூஸ் மாற்றினேன். ஆன்டெனாவைத் திருப்பினேன். எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே. பின்னால் போய்க் கேமராவைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் வண்டியை எடுக்கச் சொன்னார்கள். ரிவர்ஸ் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது. தரை, மதில் சுவர். ஆள் இல்லை. சந்தோஷமாக மெல்லப் பின்னால் விட்டேன்.

டம டம என்று அடி. பிரேக்கை மிதித்தேன்.

"யோவ்! ஆளு குந்திகினு கீறது தெரியல?"

இறங்கி ஓடினேன். மண்டபத்தில் பெருக்கும் அக்கா. கீழே கிடந்த டீ கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று காலைதான் வந்து பக்கத்தில் நின்ற இன்னொரு கேரவனின் ஜெனரேட்டர் சத்தத்தில் என் வண்டி வந்தது கேட்கவில்லை. பம்பர் முதுகில் பட்ட பிறகுதான் அடித்திருக்கிறார்.

"கேமராவுல நீங்க தெரியலக்கா."

"நான் இன்னா பேயா, தெரியாம போவ?"

அடி பட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அதைக் கேட்டதும் குரலை இறக்கிக்கொண்டார். தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "ஒண்ணுமில்ல சார், தொடப்பம் தட்டிடுச்சு" என்று அக்கா அவரை அனுப்பிவிட்டார். இல்லையென்றால் அன்றே என் வேலை போயிருக்கும்.

"ஏறி உக்காரு. இன்னான்னு பாத்துடலாம்."

இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் போட்டு வைத்தேன். அவர் வண்டிக்குப் பின்னால் நின்று துடைப்பத்தை ஆட்டினார்.

"தொடப்பம் தெரியுதா?"

"இல்லக்கா."

நகர்ந்து நகர்ந்து ஆட்டினார். திடீரென்று திரையில் துடைப்பம்.

"தெரியுதுக்கா!"

"அட, நான் பக்கத்து வண்டிக்குப் பின்னால நிக்கிறன்யா!"

இரண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி கேமரா. என்னுடையதில் பின்பக்கம் வயர் விட்டுப்போய்ச் செத்துக் கிடந்தது. அந்த வண்டியின் கேமரா நிற்கும்போதும் ஓடும்படி மாட்டியிருந்ததால் அதன் படம் என் திரைக்கு வந்திருக்கிறது.

வயரை முறுக்கி டேப் சுற்றினேன். பக்கத்து டிரைவர் வந்ததும் அவர் கேமராவை வேறு சேனலுக்கு மாற்றினோம். அக்கா அதற்குள் பெருக்கப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

இப்போது கேமரா நன்றாக ஓடுகிறது. ஆனாலும் இறங்கிப் பின்னால் ஒரு நடை போய்ப் பார்க்காமல் ரிவர்ஸ் போடுவதில்லை. படம் வராத நாளைவிட, பளிச்சென்று வருகிற நாளில்தான் எனக்கு அந்த அக்காவின் முதுகு ஞாபகம் வருகிறது.