ஃபாஸ் என்கிற ஆஸ்டர்ஹாகே

காலைப் பால் கறந்து முடித்து, ரப்பர் பூட்ஸை வாசலில் உதறிவிட்டால், எல்ராய் ஆஸ்டர்ஹாகே தலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் செத்தவர்களைப் பார்க்கப் போய்விடுவார். செத்தவர்கள் சாப்பாட்டறையில் இருக்கிறார்கள். எட்டுப் பேர் உட்காரும் ஓக் மேசையின் ஒரு முனையில் கணினி, மறுமுனையில் காகிதக் கட்டுகள், நடுவே சுருட்டி வைத்த வம்ச வரைபடம். அந்த மேசையில் கடைசியாகச் சாப்பாடு பரிமாறி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் சமையலறையில்தான் சாப்பாடு. போதகர் வந்தாலும் அதே கதி.

எல்ராய்க்கு எழுபத்து நான்கு வயது. அமெரிக்காவில், தெற்கு இல்லினாய் மாநிலத்தில் நியூ எங்கர் என்ற ஊருக்கு வெளியே அறுபது கறவை மாடு, சோளம், சோயா. இவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஹைன்ரிச் 1847இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து கப்பலேறி வந்து இந்த மண்ணைக் கொத்தினார். ஹைன்ரிச்சுக்கு முன்னால் யார், அவருக்கு முன்னால் யார் என்பதுதான் எல்ராயின் வேலை. அந்தப் பக்கத்துச் சர்ச்சுகளின் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அதற்குள் இறங்கினால் மத்தியானம்தான் மேலே வருவார்.

அவருடைய முன்னோர்கள் யாரும் இறந்தகாலத்தில் இருப்பதில்லை. "ஹைன்ரிச் எங்கப்பா இருக்கான் இப்போ?" என்று காபிக் கடையில் கேட்பார்கள். "ப்ரேமன் துறைமுகத்துலதான். காத்து சரியில்ல, கப்பல் கெளம்பலையாம்" என்பார், காலையில் ரேடியோவில் கேட்டவர் போல. ஒருமுறை சாவு வீட்டில் விதவையின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதம்மா, அவரோட பூட்டன் நல்லா இருக்கான். நேத்துதான் பாத்தேன், ரெட்டைப் புள்ள பொறந்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். மனைவி ஆர்டிஸ்தான் அவரை முழங்கையில் இடித்து நகர்த்திக்கொண்டு போனாள்.

பழைய ஜெர்மன் கையெழுத்தை அவர் யாரிடமும் படித்துக்கொள்ளவில்லை. தானே எழுதி எழுதிப் பழகினார். பழகுவதற்கு வேறு எதுவும் கிடைக்காமல் கடைக்குப் போகும் சீட்டையும் அதே எழுத்தில் எழுதத் தொடங்கினார். ஆர்டிஸ் ஒரு நாள் சீட்டோடு போய் பீச் பழமும் ஐஸ்க்ரீமும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். "மாட்டு மருந்து எங்க?" என்று எல்ராய் கத்தினார். "உன் எழுத்து புரியல, எல்ராய். எனக்கு என்ன வேணுமோ அதுதான் எழுதியிருக்குன்னு எடுத்துக்கிட்டேன்." அதோடு சீட்டு அவள் கைக்கு மாறியது.

அந்த ஊரில் ஒரு காலத்தில் ஆண்பிள்ளை பிறந்தால் யோஹான் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் யோஹான், தம்பி யோஹான், செத்துப்போன யோஹானின் தொட்டிலில் புதிதாக ஒரு யோஹான். எல்ராய் நான்கு வருடம் தப்பான யோஹான் ஹைன்ரிச்சின் பின்னால் போனார். அவனுக்கு மூன்று கல்யாணமும் முடித்து வைத்து, கடைசியில்தான் அவன் அடுத்த கிராமத்துக்காரன் என்று தெரிந்தது. ஆனாலும் அவனுடைய கோப்பைத் தூக்கிப் போடவில்லை. இன்னும் அலமாரியில் இருக்கிறது. "பழகிட்டான். எங்க போவான் பாவம்?" என்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் யாராலும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவரை மன்னிப்பது கஷ்டம்.

அந்த வரைபடத்தை விரித்தால் மேலிருந்து கீழே தடித்த கறுப்பு மையில் ஆண்களின் பெயர்கள் மட்டும் ஏணிப்படி போல இறங்கும். ஒவ்வொன்றும் ஆஸ்டர்ஹாகே. பெண்கள் பக்கத்தில் சின்னதாக 'மனைவி' என்று மட்டும் இருப்பார்கள். எல்ராயின் பெயருக்குக் கீழே பென்சிலால் 'டெரிக் ஆஸ்டர்ஹாகே' என்று எழுதியிருக்கிறது. டெரிக் அவருடைய தம்பி மகன். செயின்ட் லூயிஸில் காப்பீட்டுக் கம்பெனியில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை குடும்பக் கூட்டத்துக்கு வந்து, மாட்டுக்கொட்டகையை காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போவான்.

எல்ராயின் ஒரே பிள்ளை மார்லா. நாற்பத்தாறு வயது. எந்த மாட்டுக்கு எந்தக் காம்பு வலிக்கிறது என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பதினெட்டு வருடமாக அவளும் அவள் புருஷன் க்ளின்ட் ப்ரூயிட்டும்தான் பண்ணையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் மார்லா இப்போது மார்லா ப்ரூயிட். எல்ராய் உயில் எழுதத் தீர்மானித்தபோது நிலம் டெரிக்குக்குத்தான் என்று சொல்லிவிட்டார். டெரிக் மனது வைத்தால் மகள் குத்தகைக்கு இருந்துகொள்ளலாமாம்.

"தப்பா நெனைக்காதம்மா. அப்பன் கையிலேருந்து மகன் கைக்குன்னு எல்லாரும் வரிசையா நிக்கறாங்க. தபால் பெட்டியில ப்ரூயிட்னு எழுதினா அதோட நம்ம வம்சம் முடிஞ்சுது."

"மாடு தபால் பெட்டியெல்லாம் படிக்காதுப்பா" என்றாள் மார்லா. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற ஜாதி இல்லை அவள். அன்று சாயங்காலம் கொட்டகைக் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள். வக்கீலிடம் கையெழுத்துப் போட வியாழக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

அந்த வாரம் திங்கட்கிழமைதான் ஹைன்ரிச்சுக்கும் முந்திய மூதாதை கார்ட் கிடைத்தான். கார்ட் ஆஸ்டர்ஹாகேயின் பிள்ளைகளுக்கு 1712 முதல் வரிசையாக ஞானஸ்நானம் ஆகிறது. ஆனால் கார்ட் பிறந்ததற்கு மட்டும் எங்கும் பதிவு இல்லை. ஆறு வருடமாக எல்ராய் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். "வானத்துலேருந்தா குதிச்சான்?" என்று பல் தேய்க்கும்போதுகூடப் புலம்புவார். பார்த்தால், அந்த வருடங்களின் கல்யாணப் பக்கங்களை யாரோ தவறுதலாக அடக்கப் பக்கங்களுக்குப் பின்னால் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். 1711, ஜூன் மாதம். கார்ட் இருந்தான். கூடவே ஒரு சொல்லும் இருந்தது.

ஜெர்மனில் அது ஒற்றைச் சொல். நம் பேச்சில் 'என்கிற'. கார்ட் ஃபாஸ் என்கிற ஆஸ்டர்ஹாகே.

எல்ராய்க்கு யாரும் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. வெஸ்ட்ஃபாலியாப் பக்கத்தில் பெயர் மனிதனோடு ஒட்டாது, பண்ணையோடுதான் ஒட்டும். ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறவன் தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். ஊரில் மூன்று குடும்பங்களுக்கு எல்ராயே இதைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துச் சொல்லியிருக்கிறார். தன் வீட்டிலேயே அது இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. இன்னும் கீழே வந்து பார்த்தார். 1752இல் மறுபடியும் ஒரு 'என்கிற'. இந்தத் தடவை மாப்பிள்ளை ஒரு கூல்மன்.

முகத்தில் ஈயாடவில்லை. கணினியை அணைத்தார். பிறகு எழுந்து போய், உடையாத வேலியைப் பழுது பார்த்தார். செவ்வாய்க்கிழமை முழுக்க, போன மாதம்தான் எண்ணெய் போட்ட வைக்கோல் இயந்திரத்துக்கு மறுபடி எண்ணெய் போட்டார். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வரைபடம் வரைபடமாகவே இருக்கும். டெரிக் டெரிக்காகவே இருப்பான்.

புதன்கிழமை மத்தியானம் சமையலறையில் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பன்றி வறுவல், உருளைக்கிழங்கு, ஊறப்போட்ட பீட்ரூட். எல்ராய் தட்டைப் பார்த்தபடியே, "கார்ட் நல்லவனாத்தான் இருந்திருக்கான்" என்றார்.

ஆர்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "இருந்திருக்கானா? ஏன், என்ன ஆச்சு அவனுக்கு?"

"ஒண்ணும் ஆகல."

"போன வாரம் வரைக்கும் இருக்கான் இருக்கான்னுதானே சொன்ன? இப்போ திடீர்னு சாகடிச்சா? எல்ராய், மூஞ்சியப் பாரு. என்ன கெடச்சுது உனக்கு?"

நாற்பத்தொன்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் எத்தனை நேரம் மறைப்பது? சொல்லிவிட்டார். 1711ஐச் சொன்னார். 1752ஐச் சொல்லும்போது குரல் இன்னும் இறங்கிப் போனது. பழைய பேச்சில் ஃபாஸ் என்றால் நரி, ஆஸ்டர்ஹாகே என்றால் கிழக்கு வேலி என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.  மார்லா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"கிழக்கு வேலியத் தாண்டி நரி உள்ள வந்துடுச்சா? முன்னூறு வருஷமா நாம நரிக் குடும்பமா?"

"சிரிக்காத. பாதி நரி. அப்பறம் கூல்மன் வேற வந்துட்டான்."

க்ளின்ட் அதிகம் பேசமாட்டார். மென்றதை விழுங்கிவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்த ஊர்ல நான் பொறந்திருந்தா, மாமா?"

எல்ராய் ரொட்டியைப் பிய்த்தார். "அதெல்லாம் அந்த ஊரு வழக்கம். இங்க செல்லாது" என்று முனகினார்.

"அந்த வழக்கத்தத்தானே இருபத்திரண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்க?" என்றாள் ஆர்டிஸ். "எனக்குச் சாப்பாட்டு மேசையே போச்சு."

மார்லாவின் சிரிப்பு அடங்கியிருந்தது. "சரி, அந்தப் பொண்ணு பேரு என்னப்பா?"

"எந்தப் பொண்ணு?"

"நிலம் யாரோடதோ அவ. ஃபாஸ் யாரக் கட்டிக்கிட்டானோ அவ."

  அந்த வரியை எல்ராய் திங்கட்கிழமையிலிருந்து நாற்பது தடவையாவது படித்திருப்பார். கார்ட் தெரிகிறது. ஃபாஸ் தெரிகிறது. 'என்கிற' கண்ணை மூடினாலும் தெரிகிறது. அதே வரியின் மறுபாதியில் இருந்தவளை அவர் படிக்கவே இல்லை. அவமானம் என்றால் அதுதான் அவமானம். காது மடல் வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"பரவாயில்லப்பா" என்று மார்லா எழுந்தாள். "மேபெல் கன்னு போடற மாதிரி இருந்தா. நான் போய்ப் பாக்கறேன்." க்ளின்ட்டும் தட்டை எடுத்து வைத்துவிட்டு அவள் பின்னால் போனார்.

எல்ராய் சாப்பாட்டறைக்குப் போய்க் கணினியைப் போட்டார். ஆர்டிஸ் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை சத்தமே இல்லை. பிறகு அவர் போனில் பேசுவது கேட்டது. "ஆமா, வக்கீல் கிட்டதான் சொல்லணும். பழைய காகிதம் வேண்டாம்னு சொல்லுங்க. வேற எழுதணும். நாளைக்கு மூணு பேரா வர்றோம்." போனை வைத்துவிட்டு, அந்த மேசையை விட்டு என்றும் நகராத வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து கொட்டகைக்கு நடந்தார். ஆர்டிஸ் ஜன்னலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள்.

கன்று பிறந்துவிட்டிருந்தது. வைக்கோலில் கிடந்தது, மேபெல் நக்கிக்கொண்டிருந்தாள். மார்லாவுக்கு முழங்கை வரை ஈரம்.

"அன்னா இல்சபெய்ன்" என்றார் எல்ராய், மூச்சு வாங்க. "அதுதான் அவ பேரு. பதினேழு வயசு. கூடப் பொறந்த யோஹான் மூணு பேரும் சின்னதுலயே செத்துட்டாங்க. அம்மாவும் இல்ல. நிலத்த அவதான் பாத்துக்கறா. அப்பறம்தான் இந்த ஃபாஸ் வரான்."

பக்கத்து அறையில் பால் குளிரூட்டும் தொட்டியின் அகலமான எஃகு மூடிமேல் வரைபடத்தை விரித்தார். 1711க்கு நேராக 'மனைவி' என்பதை அடித்துவிட்டு, மை காயாத எழுத்தில் அன்னா இல்சபெய்ன் ஆஸ்டர்ஹாகே நடு வரிசைக்கு வந்திருந்தாள். 1752இல் இன்னொருத்தி. அடியில் பென்சில் இருந்த இடம் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து வெளுத்துப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"உன் பேர எழுது. பக்கத்துல க்ளின்ட் ப்ரூயிட் என்கிறன்னு போட்டு நம்ம பேரப் போடு."

கதவருகில் நின்ற க்ளின்ட் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல, மாமா. எங்கப்பாதான் கொஞ்சம் கத்துவாரு."

மார்லா சிரிக்கவில்லை. அழுதுவிடக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "கையெல்லாம் கன்னுக்குட்டி ஈரம்ப்பா. கழுவிட்டு வரேன். மை கலைஞ்சுடும்."

"கலையாது. எழுது. எழுத்து மட்டும் தனித்தனியா தெரியட்டும். இன்னும் முன்னூறு வருஷம் கழிச்சு எவனோ ஒருத்தன் கண்ணக் கெடுத்துக்கப் போறான்."

அவள் ஈரக் கையோடு பேனாவை வாங்கினாள். இருபத்திரண்டு வருடமாகச் சுருண்டே கிடந்த காகிதம் மறுபடி சுருளப் பார்த்தது. எல்ராய் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அதன் இரண்டு மூலைகளிலும் பரப்பி, அவள் எழுதி முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.